கேரவன் விளக்கு கண்ணைக் கூசுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிராவலர் வேனைக் குடும்பத்தோடு சுற்றுவதற்காகக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். கூரையின் இரு ஓரத்திலும் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப். ராத்திரியில் போட்டால் கண் கூசுகிறது. இன்ஜின் ஓடும்போது இன்னும் மோசம். எலெக்ட்ரீஷியன் ஸ்ட்ரிப்பையே மாற்றச் சொல்கிறார். மாற்றாமல் குறைக்க முடியாதா? – வாசகர், கோவை

பதில்: முடியும். ஸ்ட்ரிப்பில் கை வைக்கவே வேண்டாம்.

முதலில் கணக்கு. இப்படிப்பட்ட வேலைகளில் அதிகம் ஒட்டப்படுவது மீட்டருக்கு 120 எல்இடி உள்ள 2835 வகை. மீட்டருக்கு 9.6 வாட் என்றால் ஐந்து மீட்டருக்கு 48 வாட். வீட்டில் பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு 20 வாட் எல்இடி ட்யூப்லைட் தாராளம். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை, தலைக்கு ஒரு சாண் உயரத்தில், மூடிகூட இல்லாமல் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கூசாமல் என்ன செய்யும்?

இன்ஜின் ஓடும்போது கூடுவதும் பிரமை அல்ல. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் என்று வரிசையாகக் கோத்திருப்பார்கள். மூன்று எல்இடியும் சேர்ந்து சுமார் 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். எவ்வளவு கரன்ட் ஓடுவது என்பதை முடிவு செய்வது அந்த மிச்சம்தான். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது லைன் 14.4 வோல்ட் வரை போகும். எல்இடி கிட்டத்தட்ட அதே 9-ல் நிற்க, மிச்சம் 5.4 ஆகிவிடுகிறது. வோல்ட்டேஜ் ஏறியது 20 சதவீதம். கரன்ட் ஏறுவது கணக்குப்படி 80 சதவீதம். எல்இடியின் பங்கும் கொஞ்சம் உயர்வதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையும். அப்படியும் ஸ்ட்ரிப் சூடேறி, பசை விட்டு, மூன்று மூன்றாக எல்இடி அணைய இது போதும்.

வாங்க வேண்டியது 12–24 வோல்ட் பிடபிள்யூஎம் டிம்மர், குமிழ் வைத்தது. விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றி, எரியும் நேரத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. மலிவான டிம்மரில் 8 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். உங்கள் ஐந்து மீட்டரும் சேர்ந்து 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், 14.4 வோல்ட்டில் 7-ஐ ஒட்டிப் போகும். ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிம்மர் போடுங்கள். ஒரு பக்கம் தூங்குபவருக்குக் குறைத்து, மறுபக்கம் சமைப்பவருக்குக் கூட்டி வைக்கலாம் என்ற வசதியும் கிடைக்கிறது.

வேலை இப்படி: விளக்கு லைனின் ஃபியூஸை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் லைன் செத்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சிலிருந்து ஸ்ட்ரிப்புக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, சுவிட்ச் பக்கத்து முனைகளை டிம்மரின் இன்புட்டிலும் ஸ்ட்ரிப் பக்கத்து முனைகளை அவுட்புட்டிலும் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. பாசிட்டிவில் பக்கத்துக்கு ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் வயர். திருகி இறுக்கும் இடத்தில் வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், வண்டி குலுங்கக் குலுங்கத் திருகு தளரும், பிறகு அங்கேதான் கருகல் வாடை வரும். வயர் நுனியில் சின்ன லக் (உலோகக் குழல்) போட்டு, கிரிம்ப் செய்து (அதை நசுக்கிப் பிடிக்கவைத்து) இறுக்குங்கள். ஸ்ட்ரிப்பின் முனையில் கிளிப் கனெக்டர் இருந்தால் அங்கே நேர் எதிர்: கிளிப்பை எடுத்துவிட்டுச் சோல்டர் வைத்து ஸ்லீவ் போடுவதே நல்லது. டிம்மரை ப்ளைவுட்டுக்குப் பின்னால் ஃபோமில் புதைக்கவோ, கேஸ் சிலிண்டர் பெட்டியில் வைக்கவோ வேண்டாம்.

குமிழைப் பாதியில் வைத்தால் "பெரிதாகக் குறையவில்லையே" என்று தோன்றும். டிம்மரில் குற்றமில்லை, கண் அப்படி. கால்வாசிக்கும் கீழே இறக்கினால்தான் ராத்திரிக்குத் தோதான வெளிச்சம் வரும். பகலில் ஓட்டும்போது விளக்கை முழுசாகவே வைத்திருப்பீர்கள் என்றால், டிம்மர் மட்டும் அந்த 14.4 வோல்ட்டிலிருந்து ஸ்ட்ரிப்பைக் காப்பாற்றாது. டிம்மருக்கு முன்னால் 12 வோல்ட்டை மாறாமல் தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்றும் வேண்டும்.

கேள்வி: பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். ஒரு கேரவனில் டிம்மர் போட்டோம். குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் வெளிச்சம் மாறவில்லை. டிம்மரை ஆஃப் செய்தாலும் விளக்கு எரிகிறது. இரண்டாவது டிம்மரும் அப்படியே. – வாசகர், கரூர்

பதில்: மூன்றாவது வாங்காதீர்கள். ஸ்ட்ரிப்பின் நெகட்டிவை வண்டி பாடியில் எர்த் கொடுத்திருப்பீர்கள். பஸ் வயரிங்கில் கை பழகிய பழக்கம் அது. பெரும்பாலான டிம்மர்கள் பாசிட்டிவை அப்படியே நேராக விட்டுவிட்டு நெகட்டிவில்தான் வெட்டி வெட்டி விடுகின்றன. நெகட்டிவ் பாடிக்குப் போய்விட்டால் கரன்ட் டிம்மரைத் தொடாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

சோதிப்பது சுலபம். டிம்மரின் அவுட்புட் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். விளக்கு இன்னும் எரிந்தால் வேறெங்கோ எர்த் இருக்கிறது. பாடித் திருகு மட்டுமல்ல, அலுமினியம் ப்ரொஃபைலில் உரசும் ஸ்ட்ரிப் முனை, பக்கத்து ரீடிங் லைட்டோடு சேர்த்து முறுக்கிய நெகட்டிவ், இரண்டையும் பாருங்கள். பிறகு ஸ்ட்ரிப்பிலிருந்து டிம்மர் வரை நெகட்டிவுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். பேனல் எல்லாம் அடித்து முடித்துவிட்டோம், வயர் இழுக்க வழியில்லை என்றால், பாசிட்டிவில் வெட்டும் வகை டிம்மர் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல், கடைகளில் தேடத்தான் வேண்டும்.

கேள்வி: வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டால் ஆகாதா? – வாசகர், சேலம்

பதில்: ஆகாது. பல ரெகுலேட்டர்களில் உள்ள ட்ரையாக் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் ஏசியில் ஒவ்வொரு முறை கரன்ட் பூஜ்யத்தைத் தொடும்போதும் தானாக அணையும். டிசியில் பூஜ்யம் வருவதே இல்லை. ஒருமுறை பற்றிக்கொண்டால் முழு வெளிச்சம்தான், பற்றாவிட்டால் இருட்டு.

கேள்வி: இங்கே பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். ஏஜிஎம் (லெட்-ஆசிட் வகை) பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டதிலிருந்து மேல் அலமாரி ஓரத்து ஸ்ட்ரிப் முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது. கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று என இரண்டு சுவிட்ச். டிம்மரை எங்கே சேர்ப்பது? ரிமோட் வகை வாங்கலாமா? – வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: உங்கள் கண் சரியாகவே கவனித்திருக்கிறது. சும்மா இருக்கும் ஏஜிஎம் பேட்டரி 12.5, 12.7 வோல்ட் காட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பெரும்பாலான நேரம் 13.2, 13.3-ல் நிற்கும். 9 வோல்ட் போக மிச்சம் என்ற மேற்படிக் கணக்கில், 3.5 இருந்த இடத்தில் 4.3. கரன்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது, அதுவும் நாள் முழுக்க. ஹூக்-அப்பிலோ (வண்டி நிறுத்துமிடத்தில் கிடைக்கும் மின் இணைப்பு) சோலாரிலோ சார்ஜ் ஏறும்போது 14.4. உங்களுக்கு டிம்மரைவிட முதலில் வேண்டியது 12 வோல்ட் பக்-பூஸ்ட். அதைப் போட்டதுமே பழைய வெளிச்சம் திரும்பிவிடும். போதவில்லை என்றால் அதற்குப் பின்னால் டிம்மர்.

இடம், இரண்டு சுவிட்சையும் தாண்டி, ஸ்ட்ரிப்புக்குப் போகும் கடைசி வயரில். இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஓடும் வயர்களில் சேர்த்தால் ஒரு சுவிட்ச் நிலையில் வேலை செய்யும், மறு நிலையில் செய்யாது. அலமாரிக்குள் மேல் மூலையில் ஸ்ட்ரிப் வயர் உள்ளே நுழையும் துளை தெரியும். அங்கேயே சின்ன இன்லைன் டிம்மரை வைத்தால் புதிதாகத் துளை போட வேண்டாம். அதே சுவிட்சில் வட்ட டவுன்லைட்டுகளும் எரிகின்றனவா பாருங்கள். 10–30 வோல்ட் என்று அச்சிட்டவற்றுக்குள் தனி டிரைவர் இருக்கும். பிடபிள்யூஎம் கொடுத்தால் மினுக்கும், சில சமயம் கீச்சென்று சத்தம்கூட வரும். டிம்மரை ஸ்ட்ரிப் கிளையில் மட்டும் போடுங்கள்.

ரிமோட், டச் வகைகளில் இரண்டு தொல்லை. சுவிட்சை அணைத்துப் போட்டதும் பழைய அளவை மறந்து முழு வெளிச்சத்தில் விழிப்பவை உண்டு. 'மெமரி' உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சுவிட்ச் இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்தால் ரிசீவர் சும்மாவே கரன்ட் குடிக்கும். 15 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு மாதத்துக்கு 10.8 ஆம்பியர்-அவர். குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கல்ல. டிம்மர் போட்ட பிறகு ரேடியோவில் கரகரப்பு வந்தால், டிம்மருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் இடையிலுள்ள இரண்டு வயரையும் முறுக்கிவிட்டு, ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டிப் பாருங்கள். வயரை ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கேள்வி: படப்பிடிப்புக் கேரவன். மேக்கப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ஸ்ட்ரிப் கண்ணைக் குத்துகிறது என்று டிம்மர் போட்டோம். இப்போது செல்போனில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. – வாசகர், சென்னை

பதில்: கண்ணுக்குத் தெரியாத பிடபிள்யூஎம் மினுக்கல் கேமராவுக்குத் தெரிகிறது. கண்ணாடி விளக்குக்கு அந்த டிம்மர் வேண்டாம், வோல்ட்டேஜைக் குறையுங்கள். ஜெனரேட்டரின் 230 வோல்ட்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பெட்டி) மூலம்தானே 12 வோல்ட் எடுக்கிறீர்கள்? துளைத்துளையான தகரப் பெட்டி வகையாக இருந்தால், டெர்மினல் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். மல்டிமீட்டரை அவுட்புட்டில் பிடித்துக்கொண்டு அதை மெல்லத் திருப்பினால் 10.8 வோல்ட் அளவுக்கு இறங்கும். மிச்சம் 3-லிருந்து 1.8 ஆகிவிடுவதால் வெளிச்சம் சுமார் 60 சதவீதம். திருகும்போது பெட்டி உயிரோடு இருக்கும். அதே வரிசையில் 230 வோல்ட் டெர்மினலும் இருப்பதால் மூடி போட்டு, பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் மட்டும் தொடுங்கள். அதே எஸ்எம்பிஎஸ்ஸில் தண்ணீர் பம்ப்போ வேறு எதுவுமோ ஓடினால் இந்த வழி வேண்டாம்.

இன்னும் குறைய வேண்டுமானால், எஸ்எம்பிஎஸ்ஸை 12 வோல்ட்டிலேயே விட்டுவிட்டு, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் மாட்யூல் ஒன்றை நடுவில் சேருங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான பொருள்தான். 3 ஆம்பியர் என்பார்கள். 2-க்கு மேல் ஏற்றாதீர்கள். 10 வோல்ட்டில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம். 9.5-க்குக் கீழே போனால் ஒரு துளி திருப்பினாலே பெரிய மாற்றம் வரும், பொறுமை வேண்டும்.

கேள்வி: சமையல் மேடைக்கு மேல் இரண்டு மீட்டர் ஸ்ட்ரிப். கூட்டிக் குறைக்க வேண்டாம், எப்போதும் மங்கலாக எரிந்தால் போதும். ஒரு ரெசிஸ்டர் போட்டால் முடிந்ததா? – வாசகர், திருச்சி

பதில்: முடிந்தது, வாட்டைச் சரியாகப் போட்டால். மீட்டருக்கு 9.6 வாட் ஸ்ட்ரிப் இரண்டு மீட்டர் என்றால் 12 வோல்ட்டில் 1.6 ஆம்பியர். பாசிட்டிவில் 5.6 ஓம் சேர்த்தால் 0.4 ஆம்பியராகக் குறையும், அதாவது கால்வாசி. அப்போது ரெசிஸ்டரில் ஒரு வாட்கூட விழாது. ஆனால் 14.4 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் ஓடி 3 வாட்டை ஒட்டிவிடும். எனவே 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வாங்கி, உலோகத் தகட்டின்மேல், மரத்தையும் திரைச்சீலையையும் தொடாமல் பொருத்துங்கள். கால் வாட் குச்சி ரெசிஸ்டர் போட்டால் அன்றைக்கே புகை வரும். 2.2 ஓம் போட்டால் ஏறத்தாழ பாதி வெளிச்சம். பேட்டரி ஏற இறங்க வெளிச்சமும் மாறும் என்பது இதிலுள்ள குறை.

ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஸ்ட்ரிப்பில் ரெசிஸ்டருக்குப் பதில் கறுப்புக் குட்டி ஐசி இருந்தால் அது கரன்ட்டைத் தானே கட்டுப்படுத்தும் வகை. ரெசிஸ்டரோ பக் கன்வெர்ட்டரோ அதில் ஒழுங்காக எடுபடாது, அதற்கு பிடபிள்யூஎம்தான்.

கேள்வி: பெரிய பஸ்ஸைக் கேரவனாக்குகிறோம். 24 வோல்ட் வண்டி. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு பேட்டரி மட்டும் தினமும் காலியாகும், சார்ஜ் ஏறும்போது மற்றொன்று அளவுக்கு மீறிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் போகும். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பையே வாங்குங்கள். அதே வாட்டுக்குக் கரன்ட் பாதி. வயரும் மெலிதாகப் போதும், டிம்மருக்கும் சுமை குறைவு. சார்ஜில் 28 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் டிம்மர் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

கேள்வி: வயரிங்கைத் தொட பயம். வேறு வழி? கலர் மாறும் ஸ்ட்ரிப்புக்கு டிம்மர் போடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கலர் ஸ்ட்ரிப்பின் ரிமோட்டிலேயே வெளிச்சம் குறைக்கும் பொத்தான் உண்டு. அதன் கன்ட்ரோலருக்கு முன்னால் இன்னொரு டிம்மரைப் போட்டால் கன்ட்ரோலர் குழம்பி அணைந்து அணைந்து எரியும்.

வெள்ளை ஸ்ட்ரிப்புக்கு, பால் நிற மூடி போட்ட அலுமினியம் ப்ரொஃபைல் போதும். எல்இடி புள்ளிகள் நேராகக் கண்ணில் படாமல் இருந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும், அலுமினியம் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். மூன்று மூன்று எல்இடியாக இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைப்பவர்கள் உண்டு. சூட்டில் பசை வழியும், பார்க்கவும் நன்றாக இருக்காது. சமையல்கட்டு ஃபாயில் மட்டும் கூடாது. ஸ்ட்ரிப்பின் செம்புப் புள்ளிகளில் பட்டால் ஷார்ட்.

பல வண்டிகளில் தொந்தரவு செய்வது வெளிச்சத்தின் அளவைவிட அதன் நீல வெள்ளைதான். 6000 கெல்வின் ஸ்ட்ரிப்பை என்ன குறைத்தாலும் ஆஸ்பத்திரி வெளிச்சமாகத்தான் இருக்கும். அப்படியானால் எலெக்ட்ரீஷியனிடம் மீட்டருக்கு 4.8 வாட், 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்) என்று எழுதிக் கொடுத்து, அதையே ஒட்டச் சொல்லுங்கள்.