ஹவுஸ்ஃபுல் என்றால் 2,563 பேர்

கேள்வி: மதுரையில் இருந்த தங்கம் தியேட்டர்தான் ஆசியாவிலேயே பெரியது என்கிறார் என் மாமனார். அவ்வளவு பெரிய தியேட்டரை ஏன் மூடினார்கள்?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: ஆசியாவிலேயே பெரியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மதுரைக்காரர்கள் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தோம். 2,563 இருக்கைகள், சும்மாவா? மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம்.

எழுபதுகளில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். வாசலிலேயே, “சட்டையைப் பிடிச்சுக்கோ, விட்டுறாதே” என்பார். முதல் ஆட்டம் விட்டு வெளியே வரும் கூட்டமும் இரண்டாம் ஆட்டத்துக்கு நிற்கும் கூட்டமும் எதிரெதிரே மோதும்போது வீதியில் ஒரு ரிக்‌ஷா நகராது. இடைவேளையில் கோலி சோடா உடைக்கும் சத்தம் நாலா பக்கமும் கேட்கும். முறுக்கு வாங்கிக்கொண்டு சீட்டுக்குத் திரும்புவதற்குள் படம் ஆரம்பித்திருக்கும், அவ்வளவு தூரம்.

மூடியதற்குக் காரணமும் அந்தப் பெரிய உடம்புதான். அதற்குத் தீனி போட முடியவில்லை. 800 சீட் தியேட்டரில் 100 காட்சி நிறைந்தால் 80,000 பேர். அதே கூட்டம் தங்கத்தில் 32 காட்சிக்குள் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் புதுப் படத்துக்குப் பிரிண்ட் குறைவு. உங்கள் திருமங்கலத்துக்காரர்களும் மேலூர், உசிலம்பட்டிக்காரர்களும் பஸ் ஏறி மதுரைக்குத்தான் வரவேண்டும். அப்புறம் பிரிண்டுகள் கூடின. புதுப் படம் அந்தந்த ஊருக்கே போனது. வீட்டுக்குள் டிவியும் வீடியோ டெக்கும் வந்தன. 1,200 பேர் வந்தால் மற்ற தியேட்டர் நிரம்பி வழியும், தங்கத்தில் பாதி காலியாகத் தெரியும். 1990-களில் படம் ஓட்டுவது நின்றுபோனது. பல வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் சென்னை சில்க்ஸ் இருக்கிறது.

வியாபாரக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் முகப்பையாவது விட்டு வைத்திருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

கேள்வி: தங்கத்தில் நீங்கள் கடைசியாகப் படம் பார்த்தது நினைவிருக்கிறதா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: படம் மறந்துவிட்டது. ஒரு மேட்னி. ஐம்பது அறுபது பேர் இருந்தால் அதிகம். டிக்கெட் கிழிப்பவர், “எங்க வேணும்னாலும் உக்காருங்க சார்” என்றார். அப்பாவோடு உட்காரும் கடைசி வரிசைக்கே போனேன். திரைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் இருமியது அங்கே வரைக்கும் கேட்டது.