கெர்னல் பக்கம் போகணுமா? மெமரி ஹெல்பர்ல இருந்து ஆரம்பிம்மா

மூணாவது வருஷம் ஈசிஇ, சி நல்லா வருது, லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பக்கம் போகணும், ஆனா அப்பா கேம்பஸ்ல வர்ற ஐடி வேலையே போதும்ங்கிறாருன்னு எழுதியிருக்கே. அப்பா பயத்துல நியாயம் இருக்கும்மா, டிரைவர், கெர்னல் வேலைக்கு ஃப்ரெஷர் எடுக்கிறது கம்மிதான், அதுவும் பெரும்பாலும் சிப் கம்பெனிங்க, எம்பெடட் கம்பெனிங்க தான் எடுப்பாங்க. ஆஃபர் வந்தா வாங்கி வச்சுக்கோ.

ஆனா உன் ப்ராஜெக்ட் லிஸ்ட்ல ஷெட்யூலர் எழுதறேன், ஃபைல் சிஸ்டம் எழுதறேன்னு இருக்கே, அதை ஓரமா வை. இன்டர்வியூல உக்கார்றவங்க பெருசா எதையும் எதிர்பார்க்கல, ஒரு சின்ன ஃபங்ஷனை ஒழுங்கா டிசைன் பண்ணத் தெரியுமான்னு தான் நோண்டுவாங்க. அதுக்கு கெர்னலோட மெமரி ஹெல்பர்களை, அதாவது மெமரி எடுக்க, காப்பி பண்ண, திருப்பிக் குடுக்க உதவுற சின்ன ஃபங்ஷன்களை விட நல்ல பாடம் இல்ல, ஏன்னா அதுங்களுக்குள்ளயே ஒத்துப்போகாது.

கேமெம்டப் இருக்கு, மெமரியில இருக்கிறதை காப்பி எடுத்துத் தர்றது, மெமரி கிடைக்கலன்னா நல் பாயின்டர் (எதையும் காட்டாத வெத்து முகவரி) தரும். மெம்டப்-யூசர்னு கிட்டத்தட்ட அதே பேர்ல இன்னொண்ணு, அது யூசர் ஸ்பேஸ்ல (சாதாரண புரோகிராம்களோட மெமரி) இருந்து காப்பி எடுக்கறது, ஃபெயிலானா எர்ரர் நம்பரையே பாயின்டரா மாத்தித் தரும், நீ பழக்கதோஷத்துல நல் செக் மட்டும் போட்டா அது தாண்டிப் போய் அடுத்த லைன்ல க்ராஷ். காப்பி-ஃப்ரம்-யூசர் வேற மாதிரி, காப்பி ஆகாம விட்டுப்போன பைட் எத்தனைன்னு சொல்லும், அதை அப்படியே ரிட்டர்ன் பண்ணிட்டா மேல இருக்கிறவன் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவான். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணாத, சோர்ஸை தொறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஹெல்பருக்கும் ஃபெயிலானா என்ன தருது, யார் ஃப்ரீ பண்ணணும், தூங்குமா (மெமரிக்காக காத்து நிக்குமா) தூங்காதான்னு ஒரு டேபிள் போடு. (தூங்கவே கூடாத இன்டரப்ட்ல, தூங்க விடற ஜிஎஃப்பி-கெர்னல் ஃப்ளாகைப் போட்டு மாட்டாத ஆளே கிடையாது.)

அப்புறம் ஒரு சின்ன கேரக்டர் டிரைவர் (பைட் பைட்டா டேட்டா வாங்கித் தர்ற டிவைஸுக்கான டிரைவர்) எழுதி க்யூஈஎம்யூல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடற போலிக் கம்ப்யூட்டர்ல, ஓட்டு. உன்னோட ஹெல்பர் எல்லாமே ஃபெயிலானா ஒரே மாதிரி சொல்லணும், ஒவ்வொரு அலாக்குக்கும் ஜோடியா ஒரு ஃப்ரீ இருக்கணும், நல் குடுத்தாலும் கெர்னல்ல மெமரியை விடற கேஃப்ரீ மாதிரி சும்மா இருக்கணும். எண்ணிக்கையை சைஸோட கையால பெருக்கி மெமரி எடுக்கிற கேமலாக்ல போடாத, ஓவர்ஃப்ளோ ஆனா பஃபர் சின்னதாயிடும், அந்தப் பெருக்கலை செக் பண்ணிக்கத்தான் கேமலாக்-அரே. கேவிமலாக்ல எடுத்தா கேவிஃப்ரீ தான். கேஏசான் (தப்பான மெமரி அணுகலைப் பிடிக்கிற கெர்னல் டூல்) ஆன் பண்ணி வச்சுக்கோ, தப்பை அதுவே காட்டும்.

கெர்னலுக்கு பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பற ஆசையும் வரும். ஸ்ட்ரிங் காப்பி பண்ற எஸ்டிஆர்எல்காப்பியை 2024ல 6.8 வெர்ஷன்ல மொத்தமா தூக்கிட்டாங்க, எஸ்டிஆர்என்காப்பியும் வேணாம்ங்கிறாங்க, சரி எஸ்டிஆர்எஸ்காப்பின்னு மாத்தி விட்டுடலாம்னு கண்ணை மூடிக்கிட்டு இறங்கிடாத. எஸ்டிஆர்என்காப்பி மிச்ச இடத்தை ஜீரோவால நிரப்பும், எஸ்டிஆர்எஸ்காப்பி நிரப்பாது, அந்த பஃபர் யூசர் ஸ்பேஸுக்குப் போற இடமா இருந்தா கெர்னல் மெமரி வெளியே கசியும், அங்கே ஜீரோ நிரப்பற எஸ்டிஆர்எஸ்காப்பி-பேட் வேணும். இதை பேட்ச் மெசேஜ்ல நாலு வரி விளக்கி எழுதினேன்னா சர்டிஃபிகேட் கோர்ஸை விட அதுதான் ரெஸ்யூம்ல நிக்கும்.

அப்பாகிட்ட கேம்பஸ் சீசன் முடியற வரைக்கும் டைம் கேளு. லினக்ஸ் ஃபவுண்டேஷன் மென்டார்ஷிப்புக்கும், அவுட்ரீச்சிக்கும் (ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப்) அப்ளை பண்ணிப் பாரு, அவுட்ரீச்சில ஸ்டைபண்ட் உண்டு, மென்டார்ஷிப்ல ப்ராஜெக்டைப் பொறுத்தது, அதை மட்டும் அவர்கிட்ட முதல்ல சொல்லு.