பத்து மாத வெட்டிவேரைத் தோண்டலாமா?

கேள்வி: நொச்சிக்காடு பக்கம் மணல் கொல்லையில் போன பங்குனியில் வைத்த வெட்டிவேர். தையோடு பத்து மாதம் ஆகிறது. மாதிரி எடுத்துப் போன வியாபாரி, எண்ணெய் அரை சதவீதம்தான் இருக்கிறது என்று விலையைக் குறைக்கிறார். இப்போதே தோண்டிவிடலாமா? யூரியா போட்டால் எண்ணெய் கூடுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணா. முதலில் அந்த அரை சதவீதம் எப்படி வந்தது என்று கேளுங்கள். ஈர வேரை எடை போட்டாரா, காய்ந்த வேரையா? வேரில் பாதி தண்ணீர் இருந்தால், காய்ந்த கணக்கில் ஒரு சதவீதம் வர வேண்டியது ஈரக் கணக்கில் அரையாகத்தான் தெரியும். அப்புறம் எத்தனை மணி நேரம் காய்ச்சினார் என்பது. குசிமால், ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் என்று இந்த எண்ணெயில் இருக்கும் முக்கியமான சரக்கெல்லாம் கனமானவை, ஆவியோடு லேசில் ஏறி வராது, பதினெட்டு இருபது மணி நேரம் கொதிகலன் ஓட வேண்டும். எட்டு மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வேரில் ஒன்றுமில்லை என்றால் அது வேரின் குற்றமில்லை.

அதற்காக உங்கள் வேர் முற்றிவிட்டது என்றும் சொல்ல வரவில்லை. ஓரத்தில் ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள். வேர் வெளுத்து, மெலிசாக, வளைத்ததும் பட்டென்று ஒடிந்தால் இளசு. பழுப்பேறி, கம்பி மாதிரி வளைந்து கொடுத்து, ஈரக்கையில் கசக்கினால் கழுவிய பிறகும் வாசனை நின்றால் தயார். எண்ணெய்க்கு என்றால் பதினைந்து மாதம் விடுவது நல்லது, உங்களுக்கு அது ஆனி வாக்கில் வரும். மணலும் காய்ந்திருக்கும், அறுபடாமல் வேர் முழுசாக வரும். ரொம்ப நாள் விட்டாலும் வேர் கட்டையாகிவிடும்.

யூரியா வேண்டாம். தழைதான் மதமதவென்று வரும்.

நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பதானால் கணக்கே வேறு. நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்கில் வெட்டிவேரும் ஒன்று. அங்கே எண்ணெய் சதவீதம் யாரும் கேட்பதில்லை, மண் இல்லாமல், பூஞ்சை இல்லாமல், வாசனையோடு இருக்க வேண்டும். பன்னிரண்டு மாத வேரே போதும். அலசி நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு குவித்து வைத்தால் இரண்டு நாளில் புழுங்கிவிடும். எண்ணெய் எடுத்த சக்கையைக் காயவைத்து மருந்துச் சரக்கோடு கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம். சக்கை தட்டி பின்ன ஆகும், கஷாயத்துக்கு ஆகாது.

குத்தகைக் கொல்லையா, கையில் பணம் வேண்டுமா? அப்படியானால் பங்குனியில் பாதியை மட்டும் தோண்டி மருந்துக் கடைக்குக் கொடுங்கள், மீதியை ஆனி வரை விடுங்கள். காய்ச்சக் கொடுக்கும்போது பத்து கிலோ காய்ந்த வேரை உங்கள் கண்ணெதிரில் எடை போட்டுக் காய்ச்சச் சொல்லுங்கள். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.