கேள்வி – பதில்: வடசென்னையும் கேரம் பலகையும்

இந்த இதழில், வடசென்னையின் விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வடசென்னை என்றால் குத்துச்சண்டை என்கிறார்கள், வியாசர்பாடி என்றால் கால்பந்து என்கிறார்கள். எங்கள் தெருவிலோ எந்நேரமும் கேரம்தான். உண்மையில் எதை இந்தப் பகுதியின் விளையாட்டு என்று சொல்வது?
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பெருமை பேசும்போது முதலில் வாயில் வருகிற விளையாட்டும், அன்றாடம் கை பழகிய விளையாட்டும் பல ஊர்களில் ஒன்றாக இருப்பதில்லை. குத்துச்சண்டைக்கு இங்கே கதைகள் அதிகம். கால்பந்துக்கு வியாசர்பாடி முல்லை நகர்த் திடல் போன்ற இடங்களில் ஆழமான வேர் உண்டு. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பேட்டை தவறாமல், பள்ளிச் சிறுவன் முதல் பேரன் எடுத்தவர் வரை ஆடுகிற விளையாட்டு எது என்று கேட்டால், உங்கள் தெரு சொல்வதைத்தான் நானும் சொல்வேன்.

இதற்கு வடசென்னைக்காரர்களின் இரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. காரணம் இடத்திலும் வேலையிலும் இருக்கிறது. சென்னைத் துறைமுகம், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பணிமனை, 1996 இல் மூடப்பட்ட பின்னி ஆலை என்று, ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்கும் படகு கரை சேரும் நேரத்துக்கும் கட்டுப்பட்டு உழைத்த மக்கள் வாழ்ந்த பகுதி இது. அவர்களில் பதினொரு பேரை ஒரே வேளையில் திடலில் சேர்ப்பது எளிதான காரியமல்ல. இரண்டு பேர் இருந்தால் போதும், நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது என்கிற ஆட்டம் அவர்களுடைய நாளுக்குப் பொருந்திப்போனது. குடும்பம் முழுவதும் ஒற்றை அறையில் படுத்து எழுந்த வீடுகளில், மாலையானால் ஆண்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். தெருமுனையில் கட்சிக் கிளையோ, நடிகரின் நற்பணி மன்றமோ, இளைஞர் மன்றமோ போட்டிருந்த பத்தடிக் கொட்டகையில், 74 சென்டிமீட்டர் சதுர ஆடுகளம் கொண்ட ஒரு பலகைக்கு எப்படியும் இடம் கிடைத்தது.

அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றை மாலை ஏழு மணிக்கு மேல் எட்டிப் பாருங்கள். தகரக் குடை கவிழ்த்த விளக்கு, வெளிச்சம் பலகையை விட்டு வெளியே சிந்தாதபடி தாழத் தொங்கும். ஆடுபவர்களின் விரல்கள் தெரியும், முகங்கள் அரை இருட்டில் இருக்கும். ஒருவர் போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்துவிடுவார். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் சிவப்பு என்று காய்களை அடுக்கிய பிறகு, சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் ஒருவராவது சொல்லாமல் இருந்ததில்லை. ‘ரெட்’ எனும் அந்தச் சிவப்புக் காயைக் குழியில் போட்டவர் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் குழியில் போட்டாக வேண்டும், அதற்கு ‘ஃபாலோ’ என்று பெயர்; தவறினால் ரெட் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும். அந்தத் தவறு நிகழும்போது கொட்டகையே ஒரே குரலில் உச்சுக்கொட்டும். இந்தக் கூட்டத்தில் மூட்டை தூக்குபவர் மேஸ்திரியை வெல்லலாம். பன்னிரண்டு வயதுப் பையன் மாமன் முறை உள்ளவரை எழுந்து போகச் செய்யலாம். வேறெங்கும் கிடைக்காத ஒரு சமநிலை அந்தப் பலகையில் கிடைத்தது என்பதுதான், இந்த ஆட்டம் வெறும் பொழுதுபோக்காக நிற்காமல் ஒரு பகுதியின் அடையாளமாக வளர்ந்ததற்கு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

அடையாளம் உறுதிப்பட வெளியிலிருந்தும் சில காரணங்கள் சேர்ந்தன. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988 இல் சென்னையில்தான் தோற்றுவிக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியனாகி, கேரம் ஆட்டக்காரர்களில் முதன்முதலாக அர்ஜுனா விருது பெற்றார். தெருமுனையில் ஆடியதை உலகமும் ஒரு விளையாட்டாக மதிக்கிறது என்ற நம்பிக்கை அதன் பிறகு கொட்டகைகளில் வலுத்தது.

கேள்வி: 2021 இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்ற குத்துச்சண்டைப் படத்தைப் பார்த்தேன். அதில் சொல்லப்படும் ‘பரம்பரை’ என்பது சாதியா, குடும்பமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் அல்ல. ஒரு வாத்தியாரிடம் தொடங்கி, அவருடைய மாணவர்கள் வழியாகத் தொடர்கிற பயிற்சி மரபுக்குத்தான் வடசென்னையில் பரம்பரை என்று பெயர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. வெள்ளைக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்ட இந்த ஆட்டத்தை மீனவர்களும், துறைமுகத் தொழிலாளர்களும், தலித் மக்களும், இஸ்லாமியர்களும் தம்முடையதாக்கிக்கொண்டு, ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று நோட்டீஸ் அடித்து, டிக்கெட் விற்று நடத்தினார்கள். முகமது அலி 1980 இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவதற்குக் காரணம், அந்த ஆட்டத்தை அவர்கள் முன்பே சொந்த ஆட்டமாக அறிந்திருந்ததுதான்.

படத்தால் ஒரு நன்மை விளைந்தது; மறந்துபோன பெயர்களைப் பேரப்பிள்ளைகள் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு சங்கடமும் விளைந்தது. வடசென்னை என்றால் எதற்கெடுத்தாலும் அடிக்கக் கை ஓங்குகிற மனிதர்கள் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. குத்துச்சண்டை என்பது மணி அடித்தவுடன் கையை இறக்கக் கற்றுத்தருகிற ஆட்டம் என்பதைப் பரம்பரை வாத்தியார்களின் மாணவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். திரைப்படக்காரர்களுக்கு ஆட்டத்தைவிட அடிதடி எளிதாக விலைபோகிறது. கேரம் கிளப்பையும் அவர்கள் ரவுடிகள் கூடும் இடமாகவே காட்டிப் பழகிவிட்டார்கள்.

கேள்வி: சென்னை என்றாலே மஞ்சள் சட்டை, சேப்பாக்கம் என்று நாடே சொல்கிறது. கேரமை அடையாளம் என்பது மிகை இல்லையா?
— ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: மிகை இல்லை. சூப்பர் கிங்ஸ் ஆடும் நாளில் தண்டையார்பேட்டையிலும் மஞ்சள் சட்டை நிறையவே தெரியும். ஐந்து முறை கோப்பை வென்ற அணியை யார்தான் கொண்டாட மாட்டார்கள்? ஆனால் அது பார்த்து மகிழ்கிற அடையாளம். டிக்கெட் வாங்க முடிந்தவர் அரங்கில் பார்க்கிறார், முடியாதவர் தொலைக்காட்சியில் பார்க்கிறார். கேரம் ஆடி மகிழ்கிற அடையாளம். ஒரு மாநகரத்துக்கு இரண்டும் இருக்கலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேரம் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். ‘கேரம் கிளப்பில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை’ என்று என் மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: உங்கள் மாமியார் வீணாகப் பயப்படவில்லை. அவர் பார்த்த காலத்து கிளப், பீடிப் புகையும் பந்தயப் பணமும் புழங்கிய, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த இடமாக இருந்திருக்கக்கூடும். ஆனால் வடசென்னைக் கேரமின் பெயரை இப்போது உலகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பெண்கள் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வியாசர்பாடியின் இளவழகி 2008 இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்று திரும்பினார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அடுத்த ஆண்டே காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா மாலத்தீவில் மூன்று தங்கம் வென்றார். இவர்கள் மூவரும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் வளர்ந்தவர்கள்.

இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிடக் கூடாது. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இல்லை. ஆகவே விளம்பர நிறுவனங்கள் எளிதில் தேடி வருவதில்லை, வெளிநாட்டுப் பயணச் செலவுக்குக் குடும்பங்கள் அலைய நேர்கிறது. கோடி ரூபாய் பரிசு உலகச் சாம்பியனுக்குத்தான். மாவட்ட அளவில் வெல்பவருக்குப் பெரும்பாலும் கோப்பையும் சான்றிதழும்தான் மிஞ்சும். இருந்தாலும், மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமுக்கும் இடம் உண்டு. வடசென்னையில் விளையாட்டும் வேலையும் என்றுமே ஒட்டிப் பிறந்தவைதான். நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ ஒரு நிரந்தர வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் இருந்திருந்தால், இங்கே இத்தனை பெற்றோர் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பியிருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தக் கணக்கைக் கொச்சையாக நினைக்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு பயிற்சி நடக்கும் இடத்துக்கு நேரில் போய்வாருங்கள். வேறு பெண் பிள்ளைகள் வருகிறார்களா, கழிப்பறை இருக்கிறதா, எத்தனை மணிக்கு முடிக்கிறார்கள், பயிற்சியாளர் போட்டி விதிகளின்படி கற்றுத்தருகிறாரா என்று பாருங்கள். தெருவில் ஆடுபவர்கள் ஸ்டிரைக்கரை விரலால் தள்ளிவிட்டுப் பழகிவிடுவார்கள். போட்டியில் அதைச் சுண்டத்தான் வேண்டும், தள்ளினால் ஃபவுல். 15 கிராமுக்கு மேல் எடையுள்ள ஸ்டிரைக்கரையும் அங்கே அனுமதிக்க மாட்டார்கள். இவற்றை முதல் நாளே திருத்துகிறவர் நல்ல வாத்தியார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் என்று மகளிடம் ஒப்பந்தம் செய்துகொண்டால், வீட்டில் யாருக்கும் குறை இருக்காது.

கேள்வி: எங்கள் குடியிருப்பை அகற்றி, வடசென்னையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கிளப் கலைந்துவிட்டது. ஆட்கள் போன இடத்துக்கு விளையாட்டும் வருமா?
— ஒரு வாசகர், பெரும்பாக்கம்

பதில்: பலகை வந்துவிடும், அதைத் தலையில் வைத்துக்கூடக் கொண்டுபோகலாம். வராதது, பக்கத்துத் தெருவோடு இருபது ஆண்டுகளாக இருந்த போட்டியும், தவறான அடியைப் பார்த்த மாத்திரத்தில் அதட்டித் திருத்திய மூத்தவர்களும். ஒரே மன்றத்தில் ஆடியவர்களை வெவ்வேறு பிளாக்கின் வெவ்வேறு மாடிகளில் குலுக்கல் முறையில் குடியமர்த்திய பிறகு, அந்தத் தொடர்ச்சி அறுந்துபோவதில் வியப்பில்லை.

எனினும், இடம்பெயர்ந்த மக்கள் வேறொரு விளையாட்டில் வேர்விட்டதற்கு உங்களுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர், இன்று கபடியால் அறியப்படுகிறது. அங்கே வளர்ந்த கார்த்திகா 2025 இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய பிறகு, கண்ணகி நகர் என்று முகவரி எழுதக் கூசிய பிள்ளைகள் இப்போது அதைச் சத்தமாகச் சொல்கிறார்கள். அங்கே கபடிக்கு ஒரு திடலும், மாலைதோறும் வந்து நிற்கிற பயிற்சியாளரும் கிடைத்தார்கள்.

உங்களுக்கும் தேவை அவ்வளவுதான். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில், தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்துவிடும்படி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுங்கள். மின் இணைப்பையும் மறக்காமல் கேளுங்கள். அறை கிடைத்ததும், எந்தெந்த பிளாக்கில் பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்து, முதல் டோர்னமெண்டை பிளாக் வாரியாக நடத்திவிடுங்கள்.