வைசாகி சீக்கியர்களுக்கு வெறும் அறுவடைத் திருநாள்தானா?

அறுவடையும் உண்டு. ஏப்ரல் நடுவில், நம் சித்திரை பிறக்கும் அதே நாட்களில், பஞ்சாபில் கோதுமை முற்றி நிற்கும். ஆனால் சீக்கியர்களுக்கு அந்த நாள் பெரிதானது 1699-இல் பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிப் என்ற ஊரில் நடந்த ஒரு நிகழ்வால்தான்.

அன்று பத்தாவது குரு கோவிந்த் சிங், உருவிய வாளோடு கூட்டத்தின் முன் நின்று, “தலை தர யார் தயார்?” என்று கேட்டார் என்கிறது சீக்கிய மரபு. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். பல ஊர்க்காரர்கள், பல சாதியினர். அவர்களில் தண்ணீர் சுமப்பவரும் நாவிதரும் இருந்தார்கள். இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரை வில்லைகளும் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, ஐவருக்கும் அதே பாத்திரத்திலிருந்து அமிர்தம் கொடுத்தார் குரு. அப்புறம் அவரே அவர்களிடம் அமிர்தம் கேட்டு வாங்கிக்கொண்டார். சீடர்களிடம் குரு தீட்சை பெற்ற இந்த இடம்தான், என்னைப் பொறுத்தவரை, வைசாகியின் உயிர். அமிர்தம் பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சா பிறந்தது இப்படித்தான்.

இன்றும் பலர் அமிர்தம் பெற இந்த நாளையே தேர்ந்தெடுக்கிறார்கள். சீக்கியர்களின் வழிபாட்டிடங்களான குருத்வாராக்களில் கொடிமரத்தைப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, புதுத் துணி சுற்றுவார்கள். 1,430 பக்கங்கள் கொண்ட புனித நூலான குரு கிரந்த சாகிப்பை, ஆள் மாற்றி ஆள், சுமார் 48 மணி நேரம் இடைவிடாமல் வாசிப்பதும் உண்டு. ஊர்வலம், கீர்த்தனை, லங்கர் எனும் இலவசப் பொதுச் சாப்பாடு எல்லாம் இருக்கும். எந்த மதத்தவரும் போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டால் போதும்.