மசாஜ் சென்டர் பயத்துக்கு எத்தனை டெஸ்ட்?

கேள்வி: எனக்கு 28 வயது. ஐந்து வாரத்துக்கு முன்பு நண்பர்களோடு ஒரு மசாஜ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் கையால் மட்டும் செய்தார், முத்தமும் கொடுத்தார். உடலுறவு இல்லை, வாய்வழி உறவும் இல்லை. நான்காம் நாளிலிருந்து சிறுநீர் போகும்போது எரிகிறது. தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறேன். குறியின் முனை விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னப் பருக்கள் தெரிகின்றன. எச்.ஐ.வி. பரிசோதனை மூன்று முறை செய்துவிட்டேன், மூன்றும் நெகட்டிவ். ஒரு லேபில் ‘எஸ்.டி.டி. பேக்கேஜ்’ என்று பால்வினை நோய்களுக்கான பரிசோதனைத் தொகுப்பு எடுத்தேன். அதில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். 1.14, பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பரம்பரை வைத்தியர் ஒருவர், நரம்பில் கிருமி இறங்கிவிட்டது, 18,000 ரூபாய்க்கு லேகியம் தருகிறேன் என்கிறார். தை மாதம் எனக்குக் கல்யாணம். தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் லேகியத்துக்குப் பணம் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பது உண்மை என்றால், அதை நம்பித்தான் பதில் சொல்கிறேன், உங்களுக்கு எச்.ஐ.வி. வர வழியே இல்லை. கையால் தொட்டால் வராது, முத்தத்தால் வராது. அந்தப் பெண்ணின் கையில் எச்சிலோ வேறு ஈரமோ இருந்திருந்தாலும் வராது. அது உடம்புக்கு வெளியே வந்ததும் வலுவிழந்துபோகும் வைரஸ். ஒரு கணக்குச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் முழு உடலுறவு வைத்தால்கூட, ஒரு முறைக்கு ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் 4 என்ற அளவுதான். இதைச் சொல்வதால் ஆணுறை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலுறவே நடக்காத உங்கள் விஷயத்தில் அந்த 4-க்கும் இடமில்லை.

எரிச்சல் எதனால்? கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுதான் எரிச்சலுக்குக் காரணம் என்றால் பெரும்பாலும் துவாரத்திலிருந்து சீழ் அல்லது கசிவு வரும், உள்ளாடையில் கறை தெரியும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. எழுதியிருப்பது தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதை. புண் கழுவும் திரவத்தை மெல்லிய தோலில் ஐந்து வாரம் ஊற்றினால் யாருக்கும் எரியும். இன்றோடு நிறுத்துங்கள். பச்சைத் தண்ணீர் போதும், சோப்புகூட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பத்து நாளில் அடங்கவில்லை என்றால் ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் எடுத்து, பக்கத்தில் உள்ள டாக்டரிடம் காட்டுங்கள்.

விளிம்பைச் சுற்றி வரிசையாக, ஒரே அளவில், வலியில்லாமல் இருக்கும் முத்து முத்தான பருக்கள் ஆண்களில் ஏராளமானவர்களுக்குப் பருவ வயதிலிருந்தே உண்டு. நோயும் அல்ல, ஒட்டிக்கொள்வதும் அல்ல. இதுவரை நீங்கள் உற்றுப் பார்த்ததில்லை, இப்போது ஒரு நாளைக்குப் பத்து முறை செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். சந்தேகம் தீர வேண்டுமானால் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு, பருவுக்கு’ என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த மூன்று மருந்து கிரீமை மட்டும் வாங்கிப் பூசாதீர்கள். தொடை இடுக்கில் படர்தாமரையை வளர்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இப்போது அந்த 1.14. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை செய்யாதீர்கள் என்று மருத்துவ வழிகாட்டிகள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வேறு வைரஸ் பட்டிருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும், சின்ன வயதில் வந்த பழைய தொற்றுக்கும் காட்டும், ஒன்றுமே இல்லாமலும் காட்டும். உங்கள் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள், பாருங்கள்: 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ் என்று. நீங்கள் கோட்டைத் தாண்டியது 0.04. அதற்கு ஐந்து வாரத் தூக்கம் போய்விட்டது. ஹெர்பிஸ் என்றால் கொத்தாக நீர்க் கொப்புளம் வரும், உடையும், புண்ணாகும், வலிக்கும். அந்தப் புண்ணிலிருந்து எடுத்துப் பரிசோதிப்பதுதான் சரியான வழி. புண்ணே இல்லாதவருக்கு ரத்தத்தில் தேடினால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இருந்தும் எல்லா பேக்கேஜிலும் இந்த டெஸ்டைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் பதறிப்போய் இன்னும் நாலு டெஸ்ட் எடுப்பீர்கள் அல்லவா? டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் இதைச் செய்யலாம் என்று விட்டுவைத்திருப்பவர்களை என்ன சொல்வது.

எச்.ஐ.வி.க்கு எத்தனை நாள் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதிலும் உங்களைக் குழப்பியிருப்பார்கள். தனியார் லேபில் செய்யும், வைரஸின் துகளையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் போதும். அரசு நம்பிக்கை மையத்தில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் துரிதப் பரிசோதனை என்றால் 3 மாதம் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், கருவி வேறு. எட்டாம் நாளிலேயே எடுக்கிற டெஸ்டுக்கு அர்த்தமே இல்லை. உங்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. மனசு கேட்கவே கேட்காது என்றால் 45 நாள் முடிந்ததும் அந்த நான்காம் தலைமுறைப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்துவிட்டு அந்த ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நம்பிக்கை மையத்தில் இலவசம், ஆனால் அங்கே என்றால் 3 மாதம் கழித்து. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் பெரிய போர்டு மாட்டி, எல்லோரும் நடக்கிற வராண்டாவில் வரிசையில் நிற்க வைத்து, ‘என்னப்பா, எதுக்கு வந்த?’ என்று சத்தமாகக் கேட்கிறார்கள். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் வைத்தியர் தங்கும் லாட்ஜைத் தேடிப் போகிறார்கள்.

அந்த லாட்ஜ் வைத்தியர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் தேதி மதுரை, எட்டாம் தேதி திண்டுக்கல் என்று பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நாடி பிடித்த கையோடு, சின்ன வயதுப் பழக்கம், நரம்புத் தளர்ச்சி, விந்தில் கிருமி, கல்யாணம் ஆனால் குழந்தை பிறக்காது என்று வரிசையாக அவிழ்த்துவிடுவார்கள். ‘கல்யாணம் எப்போ?’ என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி. அதை வைத்துத்தான் ரேட். பால்வினை நோய்க்கும் ஆண்மைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒட்டிய நோட்டீஸ் மேல் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. ரசீது தராமல், மறுநாள் ஊரில் இல்லாதவரைச் சொல்கிறேன். அந்த லேகியங்களில் பாதரசமோ ஈயமோ ஸ்டீராய்டோ என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. உடலுறவு நடந்து ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை, எதிரில் இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்ற நியாயமான சந்தேகம் இருக்கிறது என்றால் நாள் எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள், விடாமல். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. மூன்று நாள் தாண்டிவிட்டால் பயன் இல்லை, ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. மருத்துவமனையில் தவறுதலாக ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்கு இது உடனே கிடைக்கும். வெளியிலிருந்து வருகிறவரை, திங்கள்கிழமை காலை எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தவருக்குத் திங்கள் காலை என்றால் எத்தனை மணி நேரம் மிச்சம்? ஆகவே அங்கேயே நின்று வாதாடுங்கள், டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் தனியார் மருத்துவர் ஒருவரிடம் சீட்டு வாங்கிக் கடையில் வாங்குங்கள், சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வருகிற பெண்ணிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன். உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. பேக்கேஜுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அதன் பிறகும் நெட்டில் அறிகுறி தேடுவதும் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நிற்கவில்லை என்றால், பார்க்க வேண்டியது என்னைப் போன்ற டாக்டரை இல்லை, மனநல மருத்துவரை. அது பைத்தியத்துக்கு அல்ல, இந்த மாதிரிப் பயத்துக்குத்தான். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.