சிறுநீரகப் பராமரிப்பில் மேற்படிப்பு: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியருக்கு எந்த வழி?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றுபவர் சிறுநீரகப் பராமரிப்பில் எம்.எஸ்சி. படிக்க முடியுமா, படித்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பது கேள்வி.

முடியும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2 ஆண்டு எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் மருத்துவ-அறுவைச் சிகிச்சைச் செவிலியத்தின் உட்பிரிவாக நெஃப்ரோ-யூராலஜி நர்சிங் (சிறுநீரக, சிறுநீர்ப்பாதைச் செவிலியம்) இடம்பெற்றுள்ளது. பதிவு பெற்ற செவிலியராக இருப்பதும், இளநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், ஓராண்டுப் பணி அனுபவமும் பொதுவான தகுதிகள்.

இயந்திரத்தை இயக்கப் பணியிடத்திலேயே கற்றுவிடலாம் என்பார்கள். அது பாதி உண்மைதான். 4 மணி நேர டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் ஏறத்தாழ 120 லிட்டர் கரைசல், நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு மெல்லிய சவ்வால் மட்டுமே பிரிக்கப்பட்டு ஓடுகிறது. அந்தக் கரைசலுக்கான நீரில், குடிநீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கப்படும் குளோரமைன் என்னும் கிருமிநாசினி தங்கிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் என்பதை அறிந்தவரே நீர்ச் சோதனையை வெறும் பதிவேட்டு வேலையாகக் கருதமாட்டார். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவில் வழக்கமான அதிர்வு குறைவதைத் தொட்டுணர்ந்து அடைப்பை முன்கூட்டியே ஊகிப்பதும், வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வீட்டிலேயே தொற்றைத் தவிர்க்கப் பயிற்றுவிப்பதும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் ரத்தத்தில், அதை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் கண்காணிப்பதும் இப்படித்தான்: காரணம் தெரிந்தால்தான் கை சரியாக இயங்கும்.

கற்பித்தல், ஆய்வு, பிரிவு நிர்வாகம் ஆகியவற்றை விரும்புபவர் எம்.எஸ்சி.யைத் தேர்ந்தெடுக்கலாம். சேரும் முன், கல்லூரியின் இணை மருத்துவமனையில் மாற்று அறுவைச் சிகிச்சையும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். டயாலிசிஸ் மட்டும் உள்ள இடத்தில் பயிற்சி குறையுடையதாகவே அமையும்.